இடித்தால் லாபம், காத்தால் வரியா? ஸ்ரீரங்கம் திண்ணை வீடுகளின் கதி!

திருச்சி, ஸ்ரீரங்கம் உத்தர வீதி, சித்திரை வீதிகளில் திண்ணை வீடுகள் ஒவ்வொன்றாக மறைகின்றன. ஓடு இறங்குகிறது, கான்கிரீட் ஏறுகிறது. வீட்டுக்காரரைத் திட்டிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள்.

2022-ல் சொத்து வரி உயர்ந்தது. சென்னை தவிர்த்த மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு உயர்வு 25 சதவீதம். 1,800 சதுர அடியைத் தாண்டினால் 100 சதவீதம்! ரேழி, கூடம், இரண்டாம் கட்டு என்று நீண்டு கிடக்கிற பழைய வீடு எந்தக் கணக்கில் விழும்? ஓடும் உத்திரமும் மாற்றுகிற செலவு தனி.

கோவிலுக்கு 2017-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. அதன் வெளிப்பிராகாரங்கள் ஜனங்கள் குடியிருக்கிற வீதிகள்தான். வீடு போனால் வீதியின் அழகும் போச்சு.

சட்டம் இல்லையா? இருக்கிறது. பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-லேயே சட்டசபையில் நிறைவேறியது. ஆனால், "இடிக்காதே" என்று போர்டு மாட்டினால் போதுமா? பராமரிப்புக்கு யார் பணம் கொடுப்பது?

மும்பையில் 1995-லேயே வழி செய்தார்கள். பாரம்பரியக் கட்டிடக்காரர் தன் மனையில் கட்ட முடியாத அளவை, வேறிடத்தில் கட்டுபவருக்கு விற்கலாம். அமெரிக்காவில் புராதனக் கட்டிடத்தைப் பழுதுபார்த்தால் செலவில் 20 சதவீதம் வருமான வரியில் கழிவு. ஆனால் வருமானம் தருகிற கட்டிடத்துக்கு மட்டும்தான். சொந்தக் குடியிருப்புக்குக் கிடையாது.

ஸ்ரீரங்கத்துக்கு அது உதவாது. இங்கே பல வீடுகளில் சொந்தக்காரரே குடியிருக்கிறார். அவருக்கு வேண்டியது சொத்து வரித் தள்ளுபடி. திண்ணையையும் முகப்பையும் காத்தால் வரியில் பாதி என்று சொல்லிப் பாருங்கள். கடப்பாரை தானாகக் கீழே இறங்கும்!