கண்ணாடி அலமாரியும் காக்கும் அறிவும்

சென்ற ஆண்டு, ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ‘எங்கள் வீட்டு வரவேற்பறை’ என்னும் தலைப்பில் ஒரு கட்டுரை எழுதப் பணித்தேன். தலைமையாசிரியர் நாற்காலியில் அமர்ந்த பின்னரும், வாரத்தில் சில பாடவேளையேனும் வகுப்பறைக்குள் நுழையாவிடில் எனக்கு மனநிறைவு ஏற்படுவதில்லை. ஒரு மாணவன், தன் தந்தையாரின் கண்ணாடி அலமாரியில் உள்ள மதுப்புட்டிகளை மேல்தட்டு, நடுத்தட்டு, கீழ்த்தட்டு என வரிசை பிசகாமல் வருணித்திருந்தான். பிழையற்ற நடை, தெளிவான பார்வை. உரிய புள்ளிகளை வழங்கினேன். எனினும் ஓரத்தில் ஒரு வினா எழுதினேன்: “உங்கள் வீட்டில் நூல்கள் எங்கே உள்ளன?” மறுநாள் அவன் எழுதி வந்த விடை இது: “எனக்குத் தெரியாது, ஐயா. பாட்டிக்குத்தான் தெரியும்.”

சில திங்களுக்குப் பின் அவ்வீட்டில் ஒரு விருந்து. மாணவனின் அக்காள் பட்டம் பெற்றிருந்தாள். தந்தையார் என் முதல் அணி மாணவர்களில் ஒருவர். ஆகவே அழைப்பைத் தட்ட இயலவில்லை. விருந்தின் நடுவே அலமாரி திறக்கப்பட்டது. மகள் பிறந்த ஆண்டில் நண்பர் ஒருவர் அன்பளித்த சிவப்புத் திராட்சை மது, இந்நாளுக்கென்றே 22 ஆண்டுகள் காத்திருந்ததாம். தக்கை பொடிப்பொடியாக உதிர்ந்தது. கிண்ணத்தில் விழுந்த நீர் செம்மை இழந்து பழுப்பேறியிருந்தது. காடியின் நெடி அறையெங்கும் பரவிற்று. விருந்தினர் வாயடைத்து நின்றனர்.

“22 வருசமா பத்திரமா வச்சிருந்தேன், சார். ஒரு நாள்கூட தொட்டதில்லை,” என்றார் அவர்.

தொடாமல் இருப்பதே காப்பது என்று அவர் எண்ணியிருந்தார். அந்த எண்ணத்தை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகின்றேன். நான் மது அருந்துபவன் அல்லன். அருந்தும் வீடுகளுக்குச் சென்று மதுவிலக்குப் பரப்புரை செய்பவனும் அல்லன். காட்சிக்கு வைப்பது வேறு, காப்பது வேறு என்னும் எளிய உண்மையை நம் சமுதாயம் மறந்துவிட்டது என்பதே என் வழக்கு.

அந்த அலமாரியைச் சற்று எண்ணிப் பாருங்கள். மேற்குச் சன்னலுக்கு எதிரே நிற்கிறது. மாலை வெயில் நேரே அதன்மேல் விழுகிறது. உள்ளே அலங்கார விளக்குகள். அருகே தொலைக்காட்சிப் பெட்டி. புட்டிகள் அணிவகுப்பில் நிற்கும் வீரர்களைப்போல் நிமிர்ந்து நிற்கின்றன. திராட்சை மதுவைக் கெடுப்பதற்கென்றே திட்டமிட்டாலும் இதைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

திராட்சை மது உயிர்ப்புள்ள பொருள். நெடுநாள் வைத்திருக்க ஏறத்தாழ 13 பாகை செல்சியசு குளிர்ச்சி வேண்டும். நம் நாட்டு வீடுகளிலோ பிற்பகலில் வெப்பம் 30 பாகையைத் தாண்டுகிறது. வெப்பம் மிக மிக, வேதியியல் மாற்றங்கள் விரைவு பெறுகின்றன. பகலில் மது விரிந்து தக்கையை நெம்புகிறது. இரவில் சுருங்கி வெளிக்காற்றை உள்ளிழுக்கிறது. காற்று புகுந்தால் மதுவின் நிறமும் மணமும் மாறும். அதனைக் காடியாக்கும் நுண்ணுயிர்களும் தழைக்கும். மது கெடுவதற்கு நுண்ணுயிர்கள் காரணமாவதை ஆராய்ந்து, பிரெஞ்சு அறிஞர் லூயி பாசுடர் 1866ஆம் ஆண்டில் ஒரு நூலே வெளியிட்டார். இன்று பாலைக் காக்கும் முறைக்கு அவர் பெயர் வழங்குகிறதே, அம்முறை மதுவைக் காக்கும் முயற்சியில் பிறந்ததாகும்.

ஒளியும் மதுவிற்குப் பகை. அதனாலன்றோ பல புட்டிகள் அடர்பச்சை நிறத்தில் அமைகின்றன! தக்கையிட்ட புட்டியைப் படுக்கவைத்தால்தான் தக்கை நனைந்து, உப்பி, வாயை இறுக அடைக்கும். திருகுமூடி இட்டவற்றிற்கு இக்கட்டாயம் இல்லை. அடிக்கடி அசைக்காமலும் இருத்தல் வேண்டும். தனிக் குளிர்பேழை வாங்க வசதி இல்லாதவர், வெயில் படாத உள்ளறையில், அலமாரியின் அடித்தட்டில் படுக்கவைத்துச் சில திங்களுக்குள் பயன்படுத்திவிடுவதே அறிவுடைமை. ஏனெனில், கடைகளில் விற்கும் திராட்சை மதுவில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுவது. பழையதெல்லாம் உயர்ந்தது என்பது வெறும் மயக்கம்.

விசுக்கிப் புட்டியைக் காட்டி, “இது என் திருமணத்தின்போது வாங்கியது, இப்போது மதிப்புக் கூடியிருக்கும்,” என்று பெருமை பேசுவோரும் உளர். விசுக்கி மரப்பீப்பாயில்தான் முதிரும். புட்டியில் அடைத்தபின் முதிர்வதில்லை. சீட்டில் அச்சிட்ட 12 ஆண்டு, 20 ஆண்டு கழித்தும் அதே 12 ஆண்டுதான். அதைப் படுக்கவும் வைக்கலாகாது. அதன் கடுமை தக்கையை அரித்துவிடும். ஆக, எந்தப் புட்டியை எங்ஙனம் வைப்பது என்பதுகூட அறியாமல் அனைத்தையும் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்த அலமாரி மதுவிற்கும் நன்மை செய்யவில்லை. மனைக்கும் பெருமை சேர்க்கவில்லை.

“சங்கத் தமிழர் அருந்தவில்லையா?” என்று ஒரு வினா எழும். அருந்தினர், யார் மறுத்தார்? யவனர் கொணர்ந்த தேறலை நக்கீரர் புறநானூற்றில் குறிப்பிடுகிறார். அரிக்கமேட்டு அகழாய்வில் மத்தியதரைக்கடல் நாட்டுச் சாடிகளின் உடைசல்கள் கிடைத்தன. மூங்கிற் குழாயில் நெடுநாள் விளைந்த தேறலைத் திருமுருகாற்றுப்படை கூறுகிறது. உற்று நோக்குங்கள்: மூங்கிற் குழாயும் மண்சாடியும் ஒளி புகாதவை! பழந்தமிழர் வைக்கும் முறை அறிந்து வைத்தனர். அவர்தம் பெயரைச் சொல்லிக் கண்ணாடி அலமாரிக்கு நற்சான்று தேடாதீர். மேலும், அதே தமிழ்மரபுதான் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமும் தந்தது. ஒன்றை எடுத்து மற்றொன்றை மறைப்பது வழக்கறிஞர் வேலை. ஆசிரியர் வேலை அன்று.

நமக்கு அண்மைய வரலாறும் ஒன்று உண்டு. தோட்டத்துக் கள் அன்று இறக்கி அன்றே குடிப்பது. அதனைச் சேமிக்கும் வினாவே எழவில்லை. அது சேமித்தது கடனையும் கண்ணீரையுமே. 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தத்தில் தோட்டத் தொழிலாளர் முன்வைத்த கோரிக்கைகளுள் கள்ளுக்கடைகளை மூடுவதும் ஒன்று. போருக்குப்பின் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளை எதிர்த்துக் கிளர்ந்தனர். கூலி உயர்வோடு கள்ளுக்கடை மூடலையும் ஒரே மூச்சில் கேட்ட அந்தப் பாட்டாளிகளின் பேரப்பிள்ளைகள் நாம். நம் வீட்டில் நுழைவோர் கண்ணில் முதலில் படவேண்டியது எது என்பதை அவர்கள் பெயரால் ஒருமுறை எண்ணிப் பார்க்கலாகாதா?

அன்றைய விருந்து முடிந்ததும், மாணவனின் பாட்டியாரிடம் நூல்களைப் பற்றிக் கேட்டேன். அவர் பொருளறையிலிருந்து ஒரு பிசுகோத்துத் தகரப் பெட்டியைக் கொண்டுவந்தார். உள்ளே, பழைய வேட்டித் துணியில் சுற்றி, உலர்ந்த வேப்பிலைகளுக்கு நடுவே ஒரு பதிவேடு. 1958ஆம் ஆண்டில் அவர் கணவர் பொறுப்பேற்று நடத்திய தோட்ட நூல்நிலையத்தின் பதிவேடு அது. யார் எந்த நூலை எடுத்தார், என்று திருப்பினார் என்பதெல்லாம் முத்து முத்தான கையெழுத்தில் இருந்தன. பால்மரம் சீவிய கைகள் இட்ட கையொப்பங்கள்! ஒரு தாள்கூடச் செல்லரிக்கவில்லை.

“வருசா வருசம் தைக்கு முன்னால வெளியே எடுத்து, நிழல்ல காத்தாட வச்சு, வேப்பிலை மாத்துவேன், ஐயா,” என்றார்.

இருள், அசைவின்மை, உரிய காலத்தில் ஒரு கவனிப்பு. தக்கை சிறிது ஈரத்தை விரும்பும். தாள் ஈரத்தை வெறுக்கும். அவ்வேறுபாட்டையும் அவர் பட்டறிவால் அறிந்திருந்தார். பள்ளி வாயிலை மிதியாத அம்மூதாட்டி காத்தார். படித்த மகன் காட்டினார். காட்டியது காடியாயிற்று, காத்தது வரலாறாயிற்று.

ஆசிரிய நண்பர்களே, உணவு கெடுவதையும் உணவைப் பதப்படுத்துவதையும் அறிவியல் பாடத்தில் கற்பிக்கிறோம். தேர்வுத் தாளோடு அப்பாடத்தை நிறுத்திவிடாதீர். வெப்பம், ஒளி, காற்று, ஈரம் ஆகிய நான்கும் தத்தம் வீட்டிலுள்ள பழைய பொருள்களை என்ன செய்கின்றன என்று மாணவர்களை ஆராய்ந்து எழுதச் செய்யுங்கள். மாணவர்களே, உங்கள் பாட்டி தாத்தாவிடம் பெட்டி ஏதும் உண்டா என்று இன்றே கேளுங்கள். பெற்றோர்களே, அருந்துவது உங்கள் விருப்பம். ஆனால் புட்டிகளை அவற்றிற்கு உகந்த இருளுக்கு அனுப்பிவையுங்கள். வெறுமையாகும் தட்டில் பிள்ளைகள் நாள்தோறும் எடுத்துப் படிக்கும் நூல்களை வையுங்கள்.

அடுத்த ஆண்டும் ‘எங்கள் வீட்டு வரவேற்பறை’ என்னும் அதே தலைப்பைக் கொடுக்க எண்ணியுள்ளேன்.