ஒரே நாட்டில் இருந்தும் நாடற்றவர்கள்

இஸ்ரேலையும் பலஸ்தீனத்தையும் ஒரே நாடாக்கி எல்லோருக்கும் ஒரு வாக்குக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்கிறார்கள். நியாயமான கனவுதான். ஆனால் இலங்கையின் பசறைப் பக்கத் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்த எனக்கு ஒரு கேள்வி உண்டு: கொடுத்த வாக்கைப் பறிக்க முடியாதபடி யார் காப்பது?

1948இல் பலஸ்தீனத்தில் ஏழு லட்சம் பேருக்கு மேல் வீடிழந்தார்கள். அதே ஆண்டில் இங்கே பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் சுமார் ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. எங்களை யாரும் லயத்தை விட்டுத் துரத்தவில்லை. மறுநாளும் காலை ஆளெடுப்பான பெரட்டுக்குப் போய்க் கொழுந்து பறித்தோம். 1947 தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் ஏழு பேரைப் பாராளுமன்றம் அனுப்பியிருந்தது; பதுளையின் எஸ்.எம். சுப்பையா அவர்களில் ஒருவர். வாக்கும் பறிபோனபின், 1952இல் ஒருவர்கூட இல்லை.

பாதுகாப்பு எழுத்தில் இருந்தது. ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமாகச் சட்டம் இயற்றக் கூடாது என்றது அன்றைய அரசியலமைப்பான சோல்பரி யாப்பின் 29(2)ஆம் பிரிவு. அந்தப் பிரிவைக் காட்டித் தொடுத்த கோடக்கன் பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. 1953இல் பிரஜாவுரிமைச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பு வந்தது. பிறகு 1964இல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பிரித்தது. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியப்பா குடும்பம் கூடலூருக்குப் போனது, அப்பா இங்கேயே நின்றுவிட்டார். அவர்களை ஏற்றிப்போன ஒப்பாரிக் கோச்சி என்ற ரயிலைப் பற்றிப் பேசினால் அம்மா இன்றும் அழுவார். மிச்சமிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை முழுதாகக் கிடைக்க 2003 ஆனது.

ஜோர்தான் நதிக்கும் கடலுக்கும் நடுவே யூதரும் பலஸ்தீனரும் இன்று ஏறத்தாழச் சம அளவில் இருக்கிறார்கள். மேற்குக் கரையில் குடியேறிய யூதர் இஸ்ரேல் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கிறார்; பக்கத்து ஊர்ப் பலஸ்தீனருக்கு அந்த வாக்கு இல்லை. நாளை ஒரே நாடானால் சிறுபான்மையாகிவிடுவோமோ என்று யூதர்களும் அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்தை நான் அலட்சியம் செய்யமாட்டேன். எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு என்ன நேரும் என்பதை எங்கள் தோட்டங்களில் பார்த்திருக்கிறேன். எந்தப் பெரும்பான்மையும் தனித்து நின்று யாருடைய பிரஜாவுரிமையையும் தொட முடியாது என்ற ஏற்பாடு இல்லாத ஒரே நாட்டை நான் ஆதரிக்கமாட்டேன்.

காணியும் வேண்டும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது எங்கள் சனங்களின் கையில் வாக்கு இருந்தது. சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள ஒரு துண்டு நிலம் இல்லை. பலஸ்தீன அகதிகள் எந்த மண்ணுக்குத் திரும்புவார்கள், அது யார் பெயரில் இருக்கும் என்பதையும் ஒரே நாடு கேட்பவர்கள் இப்போதே எழுதி வைக்கட்டும்.