வலியை நடிப்பு என்பவருக்குப் பாடம் வேண்டாமா?

ஆஸ்திரேலியாவில் 2024 அக்டோபரில், சில வெளிநாடுகளில் தேறிய ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்கள் விரைவில் பதிவு பெறத் தனி வழி திறக்கப்பட்டது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. ஆறு மாதம் மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ப் பயிற்சியும் பெற வேண்டும். அதாவது, பூர்வகுடி மக்களை இழிவுபடுத்தாமல் வைத்தியம் செய்யக் கற்க வேண்டும்.

“கத்தி பிடிக்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாடம் எதற்கு? டாக்டர் பஞ்சத்தில் இது வீண் தடை!” என்று முகம் சுளிப்போர் உண்டு.

எதற்கு என்று நாம் சொல்கிறோம். 2014இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் 22 வயதுப் பூர்வகுடிப் பெண் ஒருவர் அபராதப் பாக்கிக்காகப் போலீஸ் காவலில் அடைக்கப்பட்டார். விலா எலும்புக் காயத்தில் நஞ்சேறி, வலியால் துடித்தார். மூன்று நாட்களில் மூன்று முறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முதல் இரண்டு முறையும் லாக்கப்புக்கே திருப்பி அனுப்பினார்கள். அவருடைய வலிக்கு நடத்தைக் கோளாறு என்று பெயர் வைத்தார்கள். மூன்றாம் முறை உயிர் பிரிந்தது. தடுத்திருக்கக்கூடிய சாவு இது என்று 2016இல் மரண விசாரணை அதிகாரி தீர்ப்பளித்தார்.

அந்த டாக்டர்களுக்குப் படிப்பு இல்லையா? இருந்தது. எதிரில் துடிப்பவரின் சொல்லை நம்பும் மனம்தான் இல்லை. வலியை நடிப்பு என்று தள்ளும் இந்தக் குரல் உழைக்கும் மக்களுக்குப் புதிதா?

2020–22 கணக்குப்படி பூர்வகுடி ஆண்களின் ஆயுள் மற்றவர்களைவிட 8.8 ஆண்டு குறைவு, பெண்களுக்கு 8.1 ஆண்டு குறைவு. இது விதியல்ல, அநீதி!

இந்தக் கருத்தை வகுத்தவர் நியூசிலாந்தின் மாவோரி நர்ஸ் இரிஹாபெட்டி ராம்ஸ்டன். வைத்தியம் பாதுகாப்பாக இருந்ததா என்று சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்ல, நோயாளிதான் என்பதே இதன் உயிர்நாடி. 1992இல் அங்கே நர்ஸ்களின் பாடத்தில் இது சேர்ந்தபோதும் பத்திரிகைகளில் கூச்சல் எழுந்தது. கூச்சல் ஓய்ந்தது, பாடம் நிலைத்தது.

ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் யாருடைய தயவுக்கும் காத்திருக்கவில்லை. 1971இலேயே சிட்னியின் ரெட்ஃபெர்னில் தங்கள் சொந்த வைத்தியசாலையைத் திறந்தார்கள். 2022இல் பண்பாட்டுப் பாதுகாப்பு மருத்துவப் பதிவுச் சட்டத்திலேயே ஏறியது.

ஆனால் ஒன்று. ஒருநாள் பாடம் கேட்டு, சான்றிதழைச் சுவரில் மாட்டிக்கொண்டால் போதாது. பாடம் நடத்தும் பொறுப்பு பூர்வகுடி மக்கள் கையில் இருக்க வேண்டும். புதியவரோடு நில்லாமல், பழைய டாக்டரும் படிக்க வேண்டும். நோயாளியை இழிவுபடுத்துபவர் பதில் சொல்லியாக வேண்டும்.

மரியாதை என்பது டாக்டர் போடும் பிச்சையல்ல. அது வைத்தியத்தின் பாதி, நோயாளியின் உரிமை!