தலைப்பு தமிழில், சுட்டி ஆங்கில எழுத்தில்

ஆணி அதிகம், அதான் ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வரல.

தூத்துக்குடி முத்துக்குளிப்பு பற்றி ஒரு பதிவு எழுதினேன். 1961-க்கு அப்புறம் இங்கே பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடக்கல. நேரில் பார்த்த எங்க தாத்தா சொன்ன கதை அது. சுட்டியை அவருக்கே வாட்ஸப்பில் அனுப்பினால், "என்னலே இது, ஒரே சதவீதக் குறியா கெடக்கு? வைரஸா? நான் தொடமாட்டேன்"னுட்டார்.

தப்பு அவர்மேல் இல்லை. வேர்ட்பிரஸ் நம்ம தலைப்பையே சுட்டியாக்கிடும். 'து' என்பது யூனிகோடில் ரெண்டு குறி: த ஒண்ணு, உகரம் ஒண்ணு. ஒவ்வொரு குறியும் 3 பைட். சுட்டியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு 3 எழுத்தாகும். ஆக ஒரு 'து'வுக்கே 18 எழுத்து! 200 எழுத்தோடு வேர்ட்பிரஸ் வெட்டிடும். 'தூத்துக்குடி முத்துக்குளிப்பு' என்ற தலைப்பு, சுட்டியில் 'தூத்துக்குடி-முத்துக்கு' என்று நின்னுடுச்சு. குளிக்கவே விடல :-)

நாம டெம்ப்ளேட் மாத்துறதில் காட்டுற அக்கறையில் கால்வாசியை இங்கே காட்டலாம் என்பது என் கட்சி. மூணே வேலைதான்.

1. சுட்டி: பதிவை வெளியிடும் முன் பெர்மாலிங்க் பெட்டியில் ரெண்டு மூணு சொல்லை ஆங்கில எழுத்தில் அடிச்சிடுங்க. பழைய பதிவுக்கு மாத்தினாலும், பழைய சுட்டியில் வர்றவங்களை வேர்ட்பிரஸ் புதுசுக்கு அனுப்பிடும். "தமிழ்ப்பற்று எங்கே?"ன்னு கேட்பீங்க. பயந்து யாரும் திறக்காத சுட்டியால் தமிழுக்கு என்ன லாபம்? பதிவு தமிழில் இருக்கு, அது போதும்.

2. படம்: துறைமுகத்தில் செல்போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏத்தாதீங்க. 1200 பிக்சல் அகலத்துக்குச் சுருக்கினால் தாராளம். சிக்னல் ஒரு கோடு மட்டும் இருக்கிற ஊர்லயும் ஆள் படிக்கணுமில்ல?

3. பேக்கப்: எக்ஸ்போர்ட் கோப்பில் எழுத்தும் பின்னூட்டமும் வரும், படக் கோப்புகள் வராது. அப்லோட்ஸ் ஃபோல்டரைத் தனியா எடுத்து வைங்க. டேட்டாபேஸ் யூடிஎஃப்8எம்பி4-ல் இருக்கான்னும் பாருங்க. லத்தீன்1 வழியா போய் வந்தால் தமிழ் மொத்தமும் கேள்விக்குறி ஆகிடும். எடுத்த பேக்கப்பை வேறொரு இடத்தில் ஒருதடவை ஏத்திப் பார்த்தால்தான் நிம்மதி. 2009 அக்டோபரில் ஜியோசிட்டிஸ் மூடினப்போ கைவசம் நகல் வைக்காதவங்க பட்டதை நாமும் படணுமா?

சுட்டியை மாத்தி தாத்தாவுக்கு மறுபடி அனுப்பினேன். படிச்சுட்டுக் கூப்பிட்டார். "சிப்பி ஏலம் விடுறதைத் தப்பா எழுதியிருக்கலே, நேர்ல வா சொல்றேன்."

ஞாயித்துக்கிழமை போறேன். அடுத்த பதிவு ரெடி!