கண்டிச்சீமைக்குப் போனவர்கள் எந்த ஊர்? பாதி பதில் சேலம், நாமக்கல் வீடுகளில்!

உங்க சொந்த ஊர் ராசிபுரமோ, நாமக்கல்லோ, ஆத்தூரோ என்றால், வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: "நம்ம சொந்தத்துல யாராவது கண்டிச்சீமைக்குப் போனாங்களா?" ஆமா என்று பதில் வந்தால், உடனே போனில் ரெக்கார்டிங்கை ஆன் பண்ணிவிடுங்கள். காரணம் இருக்கிறது.

இலங்கையின் மலையகத் தமிழர்கள், தங்கள் முன்னோர் தோட்ட வேலைக்கு வந்து 200 ஆண்டு ஆனதை 2023-ல் நடந்தே நினைவுகூர்ந்தார்கள். ஜூலை 28-ல் தலைமன்னாரில் கிளம்பி ஆகஸ்ட் 12-ல் மாத்தளையில் முடித்தார்கள். சுமார் 250 கி.மீ. காபித் தோட்டங்களுக்குப் போனவர்கள் படகில் இறங்கி, காட்டு வழியே நடந்த அதே பாதை அது. காலரா, மலேரியா, பசி. விழுந்தவர்களை அங்கேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். அவர்களுக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப் பட்டியலும் இல்லை.

கம்பளை அருகே ஒரு பழைய லயன் வீட்டில் 2007 முதல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. மானுடவியலாளர் வாலண்டைன் டேனியல் இந்தக் 'கூலி'களின் கதையை 2008-ல் ஓர் ஆய்விதழில் நீள்கவிதையாகவே எழுதினார். வழக்கமான கட்டுரை போதவில்லை போல.

சேலத்துக்கு என்ன சம்பந்தம்?

நிறைய. தோட்டங்களுக்கு அதிகம் ஆள் போன மாவட்டங்களில் திருச்சியும் சேலமும் முக்கியமானவை. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரியையும் சேர்த்தது. 1871 கணக்கெடுப்பில் அங்கே 19.67 லட்சம் பேர். 1881-ல் சுமார் 16 லட்சம். நடுவில் வந்தது 1876-78 தாது வருஷப் பஞ்சம். குறைந்தவர்கள் எல்லோரும் சாகவில்லை. பிழைப்பு தேடி ஊரை விட்டுப் போனவர்களும் அந்தக் கணக்கில் உண்டு.

அழைத்துப் போனது கங்காணி. பெரும்பாலும் அதே வட்டாரத்து ஆள். முன்பணம் கொடுப்பார், அது கடனாகக் கழுத்தில் விழும். 1900-களின் தொடக்கத்தில் நிஜமாகவே கழுத்தில் ஒன்று விழுந்தது: தோட்ட எண் குத்திய தகர வில்லை.

சிக்கல் இங்கேதான். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1.52 லட்சம் இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். கப்பல் பட்டியலில் பெயர், அப்பா பெயர், வயது, சாதி, கிராமம் வரை எழுதினார்கள். அதை வைத்துக் கொள்ளுப்பேரன்கள் இன்று ஊரைத் தேடி வருகிறார்கள். இலங்கைக்குப் போனது கங்காணி முறையில். ஒப்பந்தம் இல்லாததால் ஆரம்ப காலத்தவர்களுக்கு அப்படியொரு பட்டியலே இல்லை. அவர்களின் ஊர் பெயர் இருப்பது ஞாபகத்தில்தான்.

நியூயார்க்கில் 1991-ல் அரசுக் கட்டடத்துக்குத் தோண்டியபோது, 18-ம் நூற்றாண்டு கறுப்பின மக்களின் இடுகாடு வெளிப்பட்டது. கறுப்பின மக்கள் போராடினார்கள். ஹோவர்டு பல்கலைக்கழக மானுடவியலாளர் மைக்கேல் பிளேக்கி தலைமையில் 419 பேரின் எச்சங்கள் ஆராயப்பட்டன. என்ன கேள்வி கேட்பது என்பதில் அந்தச் சமூகத்துக்கும் பங்கு இருந்தது. 2003-ல் மறுபடி அடக்கம். 2006-ல் தேசிய நினைவிடம். அங்கே எலும்பாவது மிஞ்சியது.

இங்கே ஏன் பேசுவதில்லை?

போனவர்களில் பெரும்பகுதி தலித் சாதியினர். பெரிய கங்காணிகளில் பலர் இடைநிலைச் சாதியினர். இரண்டு தரப்பு வாரிசுகளும் இன்றும் பக்கத்துப் பக்கத்துத் தெருக்களில் இருக்கலாம். பேச்சு வராததற்கு மறதி மட்டும் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை.

1948 குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி 5.25 லட்சம் பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்று முடிவானது. அப்படித் திரும்பியவர்களில் பலருக்குப் பூர்வீக ஊரில் யாரையும் தெரியாது. இங்கே அவர்கள் 'சிலோன்காரங்க'.

நம்ம பக்கத்துக் கல்லூரிகளில் வரலாறோ சமூகவியலோ படிக்கிறவர்களுக்கு இது தயாராக இருக்கும் புராஜெக்ட். யார் போனது, எந்தக் கங்காணியோடு, எந்தத் தோட்டம், கடைசிக் கடிதம் எப்போது வந்தது? குலதெய்வத்தின் பெயரையும் மறக்காமல் கேளுங்கள். அங்கே ஊர் பெயரை மறந்த குடும்பம்கூட அதை ஞாபகம் வைத்திருக்கலாம்.