மணி எண்ணினால் பாவமா?

போன ஞாயிறு ஆராதனை முடிந்து டீ குடிக்கும் நேரத்தில் எங்கள் சபையில் (புனேயில் இருக்கும் தமிழ்ச் சபைதான்) ஒரு சின்ன வாக்குவாதம். பெண்கள் ஐக்கியத்து அக்காமார் சிலர் ரவிவார் பேட் போஹ்ரி ஆளிக்குப் போய் மர மணி, நூல், குட்டிச் சிலுவை எல்லாம் வாங்கி வந்து ஜெபமணி கோர்க்கிறார்கள். ஆஸ்பத்திரியில் இருப்பவர்களைப் பார்க்கப் போகும்போது கொடுப்பதற்கு. "இது ஆர்.சி.காரங்க ஜெபமாலைல்லா? நமக்கு எதுக்கு?" என்று ஒரு பெரியவர் ஆரம்பித்தார். பேச்சு வளர்ந்ததில் டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

நானும் திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. வளர்ப்புதான். அவர் பயம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் என் ஓட்டு அக்காமாருக்கு.

முதலில், இது அந்த ஜெபமாலை அல்ல. அதில் பத்துப் பத்தாக ஐந்து தொகுதி. மாதாவை நோக்கிச் சொல்லும் ஜெபமே அதிகம். இதில் மொத்தம் 33 மணி. 1980-களில் அமெரிக்காவின் டெக்சஸில், எபிஸ்கோப்பல் சபைக் குருவானவர் லின் பாமன் நடத்திய ஜெபக்குழுவில் உருவானது. ஏழு ஏழாக நான்கு 'வாரம்', இடையிடையே நான்கு பெரிய மணி, தொடக்கத்துக்கு ஒன்று, அதோடு ஒரு சிலுவை. எந்த மணிக்கு எதைச் சொல்வது என்று சட்டம் இல்லை. சங்கீத வசனம் சொல்லலாம், பிள்ளைகள் பெயரைச் சொல்லலாம். 1990-களில் ஸ்வீடனின் லுத்தரன் பிஷப் மார்ட்டின் லொன்னபோ 18 மணியில் வேறொன்று செய்தார். அதில் சிலவற்றுக்கு மௌன மணி என்றே பெயர். விரல் அங்கே வந்தால் பேசாமல் இருந்தால் போதும்.

"சொன்னதையே சொல்லாதே என்று மத்தேயு 6:7-ல் இருக்கிறதே?" என்பது அடுத்த கேள்வி. அங்கே கண்டிக்கப்படுவது, நிறையப் பேசினால்தான் கேட்கப்படும் என்ற எண்ணம். திரும்பச் சொல்வதே தப்பென்றால் 136-ஆம் சங்கீதத்தை என்ன செய்வது? 26 வசனமும் ஒரே வரியில்தானே முடிகிறது! அதுவும் போகட்டும். ஆயிரம் ஸ்தோத்திரப் புத்தகம் இல்லாத தமிழ்க் கிறிஸ்தவ வீடு எத்தனை? நம்பர் போட்டு ஸ்தோத்திரம் சொல்லும் நாம், மணியைக் கண்டால் மட்டும் மிரள்வானேன்?

நிற்க. இதெல்லாம் வாதம். என் உண்மையான காரணம் வேறு.

அம்மா கடைசியாக ஆஸ்பத்திரியில் இருந்தபோது பக்கத்தில் நான்தான் இருந்தேன். ஊரில் உபவாச ஜெபம் என்றால் அரை மணி நேரம் தங்குதடையில்லாமல் ஜெபிப்பவள். மருந்து மயக்கத்தில் இரண்டு வாக்கியம் சேர்ந்து வரவில்லை. "ஜெபம் வரமாட்டேங்குல, ஆண்டவர் என்னைக் கைவிட்டுட்டாரோ" என்று அழுதாள். வலியைவிட அந்தப் பயம்தான் அவளை வாட்டியது. போர்வை ஓரத்தை விரலால் உருட்டிக்கொண்டே இருப்பாள். அந்த விரல்களுக்குக் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

நம் சபைகளில் ஜெபம் என்றால் பேச்சு. பேச்சு நின்றால் விசுவாசமே போய்விட்டதாக நினைத்துக்கொள்கிறோம். ஒரு மணியைப் பிடித்துக்கொண்டு "இயேசுவே" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அது ஜெபம்தான் என்று அம்மாவுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

அக்காமாருக்கும் இரண்டு வார்த்தை. ஒன்று, தாயத்து ஆக்கிவிடாதீர்கள். ஒரு நோயாளி அதை டிரிப்ஸ் கம்பியில் கட்டித் தொங்கவிட்டதை நானே பார்த்தேன். கொடுத்துவிட்டு ஓடாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு சுற்று சேர்ந்து ஜெபியுங்கள். இரண்டு, வேண்டாம் என்பவரை வற்புறுத்தாதீர்கள்.

இதை ஆபீஸில் மராட்டி நண்பரிடம் சொன்னேன். ஆஷாடத்தை ஒட்டி ஆளந்தியிலிருந்தும் தேஹுவிலிருந்தும் பால்கி கிளம்பி புனே வழியாகப் போகுமே, அதில் வருஷா வருஷம் நடப்பவர். கழுத்தில் துளசி மாலை. அப்படிப் போட்டவரை இங்கே மாளகரி என்பார்கள். கறி மீன் தொடமாட்டார்கள். "மாலை போடுவது சுலபம், அதற்கேற்ப நடப்பதுதான் கஷ்டம்" என்று சிரித்தார்.

எங்கள் பெரியவருக்கும் அக்காமாருக்கும் சேர்த்தே சொன்னது போல இருந்தது.