நட்சத்திரச் சிலுவையும் ஒழுக்கத்தின் அடிமைகளும்

ஆஸ்திரிய நாட்டிலே பிரபு வம்சத்துச் சீமாட்டிகளுக்கென்று “நட்சத்திரச் சிலுவைச் சங்கம்” என்னும் விருதுச் சங்கம் ஒன்று 1668-ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. பெண்குலத்துக்கே கிடைத்த பெரிய கௌரவம் என்று இதைப் புகழுவோர் உண்டு. இந்தக் கௌரவத்தின் யோக்கியதையைச் சற்று ஆராய்வோம்.

வியன்னா அரண்மனையில் அவ்வாண்டு பிப்ரவரி மாதம் தீப்பிடித்தது. காலஞ்சென்ற பேரரசர் மூன்றாம் பெர்டினாண்டின் விதவை எலியனோரா கொன்சாகா அம்மையாரிடம், ஏசுவை அறைந்த சிலுவையின் துண்டு என்று சொல்லப்பட்ட மரம் வைத்த பேழையொன்று இருந்தது. சில நாள் கழித்துச் சாம்பலைக் கிளறியபோது அம்மரத்துண்டு அதிகச் சேதமின்றிக் கிடைத்ததாம். “அற்புதம், அற்புதம்” என்றார்கள். போப் ஒன்பதாம் கிளமெண்ட் ஆசி வழங்கினார்; பேரரசர் முதலாம் லியோபோல்டு சம்மதம் தந்தார்; சங்கம் பிறந்துவிட்டது.

நாம் கேட்கிறோம்: தீயை அடக்கும் சக்தி அம்மரத்துக்கு இருக்குமானால் அரண்மனை ஏன் வெந்தது? குடிசை எரிந்த இடத்தில் சாம்பலைக் கிளறும் கிழவிக்கும் பாதி கருகிய உலக்கை அகப்படத்தான் செய்கிறது. அந்த உலக்கைக்கு யாரும் சங்கம் வைப்பதில்லையே! ஊரூராய் வைத்திருக்கும் சிலுவைத் துண்டுகளைச் சேர்த்தால் ஒரு கப்பலே நிரம்பும் என்று 1543-லேயே கால்வின் பரிகசித்தார். அவர் நாஸ்திகரல்ல, கிறிஸ்தவ மதபோதகரே.

மரத்தைக் காத்த ஆண்டவன் மனிதரைக் காத்தானா? 1670-இல் இதே லியோபோல்டு வியன்னாவிலிருந்த யூதர்களை ஊரைவிட்டே துரத்தினார். அவர்களுடைய தொழுகைக் கூடம் இருந்த இடத்தில் கிறிஸ்தவக் கோயில் எழுந்தது; அப்பகுதிக்கு அரசர் பெயரே சூட்டப்பட்டது. 1679-இல் கொள்ளைநோய் வந்து ஏழை மக்கள் ஆயிரக்கணக்கில் மடிந்தார்கள். பேரரசர் நகரைவிட்டு வெளியேறினார். சிலுவைத் துண்டு அப்போது என்ன செய்துகொண்டிருந்தது?

நிற்க, இச்சங்கத்தில் சேர வேண்டுமானால் கத்தோலிக்க மதமும், தலைமுறை தலைமுறையாக உயர்குலம் என்ற அத்தாட்சியும் வேண்டும். அப்படியானால் ஏசுவின் தாயாரே மனுப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தச்சன் மனைவிக்கு இங்கு இடமில்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள்! மகன் மாண்ட மரத்துக்குப் பூஜை, அவனைப் பெற்றவளுக்குக் கதவடைப்பு. இதுதான் பிரபுக்களின் பக்தி.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். இதே அம்மையார் 1662-இல் முப்பது சீமாட்டிகளுக்காக வைத்த மற்றொரு சங்கத்தின் பெயர் “ஒழுக்கத்தின் அடிமைகள்” என்பதாகும். 1430-இல் ஏற்பட்ட ஆண்களின் விருதுக்கோ “தங்க ஆட்டுத்தோல்” என்று பெயர். ஆணுக்குத் தங்கம், பெண்ணுக்கு அடிமைத்தனம்! ஒழுக்கம் நல்லதானால் அது இருபாலாருக்கும் பொதுவாக இருக்கட்டும். ஆணுக்கு ஏன் ஒழுக்கத்தின் அடிமை என்று பட்டம் கொடுக்கவில்லை? 1740 முதல் நாற்பது ஆண்டுகள் நாட்டை ஆண்ட மரியா தெரேசாவும் பெண் என்ற காரணத்தால் அந்த ஆட்டுத்தோல் சங்கத்துக்குத் தலைவியாக முடியவில்லை, கணவர்தான் தலைவர். படை நடத்த ஆணையிடலாம், ஆட்டுத்தோலைத் தொடக்கூடாது!

1918-இல் முடியாட்சி வீழ்ந்தது. பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. 1919-இல் பிரபுப் பட்டங்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டன. வானம் இடிந்து விழவில்லை. அவ்வாண்டு எட்டுப் பெண்கள் ஆஸ்திரிய சட்டசபைக்குள் நுழைந்தார்கள். அவர்களில் ஒருவர் அடல்ஹைடு பாப். இவர் நெசவாளி மகள், சிறுவயதிலேயே வேலைக்குப் போனவர், தொழிற்சாலையில் உழைத்தவர், பிறகு உழைக்கும் பெண்களுக்காகப் பத்திரிகை நடத்தியவர். அவர் மார்பில் எந்த நட்சத்திரமும் மின்னவில்லை.

இருநூற்றைம்பது ஆண்டுகள் சீமாட்டிகள் சிலுவை அணிந்தார்களே, அதனால் ஒரு சலவைக்காரியின் கூலி காலணா உயர்ந்ததா? ஒரு பெண்ணுக்காவது ஓட்டுக் கிடைத்ததா? பெண்ணுக்கு வேண்டியது அணியக் கொடுக்கும் சிலுவையல்ல, ஆளக் கொடுக்கும் உரிமையே என்கிறோம். அதைக் கொடுக்க மனமில்லாதவர்களே பதக்கம் கொடுக்கிறார்கள்.